பின் சீட்டில் இருந்து பார்த்த நைரோபி

மகள் விரும்பின பெடியனின் தாய் தகப்பன் ஆப்பிரிக்காவில், நைரோபியில் இருக்கிறார்கள். தகப்பன் யாழ்ப்பாணத்து ஆள். கணக்காளர். இளம் வயதில் அங்கே வேலைக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். பெடியன் படிக்க நியூசிலாந்துக்கு, ஓக்லண்டுக்கு வந்தவன். படித்து முடித்து இங்கேயே வேலை எடுத்துக்கொண்டான். மகளும் அவனும் ஒரே கட்டடத்தில் வேலை. அப்படித்தான் பழக்கம்.

எனக்குப் பெடியனைப் பிடித்திருந்தது. நான் பஸ் ஓட்டுகிறவன். வெஸ்ட்கேட்டில் இருந்து, நாங்கள் இருக்கிற மாசி என்ற இடம் வழியாக, நகரத்துக்கு. அவன் சில நாள் என் பஸ்ஸில் வருவான். இங்கே இறங்கும்போது எல்லோரும் "தாங்க் யூ டிரைவர்" என்று சொல்லித்தான் இறங்குவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்வார்கள். அவனும் சொல்வான். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. வீட்டுக்கு வந்தால் அங்கிள். பஸ்ஸில் டிரைவர். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

கலியாணம் என்று கதை வந்ததும் என் மனைவி ஒரே பிடியில் நின்றாள்.

"மாப்பிள்ளை வீடு பாக்காமல் பெட்டையைக் குடுக்கேலாது."

"போனிலை பாத்தனீங்கள்தானே அம்மா," என்றாள் மகள்.

"போனிலை எல்லா வீடும் வடிவுதான்."

நாள் குறிக்க முதல் பெட்டை அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அதுவும் மனைவியின் சட்டம். ஆகவே மகள் நின்றுகொண்டாள். நானும் மனைவியும் பெடியனோடு போனோம். பார்த்துவிட்டு வந்து நாங்கள் ஓம் என்றால் நாள் வைப்பது. இல்லை என்றால் இல்லை. மகள் இதற்கு ஒத்துக்கொண்டாள். "நீங்கள் இல்லை எண்டு சொல்ல மாட்டியள்," என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நைரோபியில் வீடு பெரிது. மதிலுக்கு மேலே கரண்ட் கம்பி. கேற்றில் காவல்காரர். சமையலுக்கு ஒரு பெண், துடைக்க ஒரு பெண். சாப்பாட்டு மேசையில் சின்னப் பித்தளை மணி. கோயிலில் வைக்கிற மாதிரி. பெடியனின் தாய் அதை ஆட்டினால் உள்ளே இருந்து ஒரு பெண் ஓடி வருவா. தண்ணி, அல்லது உப்பு, அல்லது கீழே விழுந்த கரண்டி. கரண்டி அந்த அம்மாவின் காலடியில்தான் கிடந்தது.

என் மனைவி மணியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அங்கேயும் மணி அடிப்பார்கள். ஓடுகிறது அவள்.

ஆனால் அவர்கள் எங்களை நன்றாகத்தான் கவனித்தார்கள். அதை மறைக்கக் கூடாது. கணவாய்க் கறி, இடியப்பம், சொதி. கட்டிலுக்குப் புது விரிப்பு.

"அண்ணை, நாளைக்கு நைரோபி முழுக்கக் காட்டுறன்," என்றார் பெடியனின் தகப்பன். "சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, ஆனைக்குட்டி. உங்கடை நாட்டிலை ஆட்டைத் தவிர என்ன கிடக்கு?"

"மழை கிடக்கு," என்றேன்.

சிரித்தார். சிரிக்கத் தெரிந்த மனிதர்.

காலையில் வான் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். டிரைவர் என் வயது ஆள். மெலிந்த உடம்பு, நெடுவல். சேட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. நான் போய் முன் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். யோசித்துச் செய்யவில்லை. ஓக்லண்டில் ஒரு ஆள் டாக்ஸி பிடித்தாலும் முன்னால்தான் ஏறுவார். பின்னால் ஏறினால் டிரைவரை மதிக்காத மாதிரி.

"அண்ணை, அண்ணை! அங்கை இல்லை. பின்னாலை வாங்கோ."

"இது வசதியாத்தான் இருக்கு."

"வசதி இல்லை விசயம். முன்னுக்கு இருந்து பழகினால் இவங்கள் தலையிலை ஏறிடுவாங்கள்."

தமிழில்தான் சொன்னார், டிரைவருக்கு விளங்காது என்று. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். விளங்கியிருந்தது. இந்தக் கதை எந்தப் பாஷையில் சொன்னாலும் விளங்கும். எனக்கும் கன தரம் விளங்கியிருக்கிறது.

விருந்துக்குப் போன இடம். இறங்கிப் பின்னால் போனேன்.

முதலில் நகரத்து நடுவில் இருக்கிற வட்டக் கோபுரத்துக்குப் போனோம். இறங்கும்போது வாயில் வந்துவிட்டது. "தாங்க் யூ டிரைவர்."

பெடியனின் தகப்பன் நின்று திரும்பினார். "டிரைவருக்குத் தாங்க் யூவோ? அதுக்குத்தானே அண்ணை சம்பளம் குடுக்கிறன்!"

தாயும் சிரித்தா. பெடியன் ஒன்றும் சொல்லாமல் இறங்கினான். டிரைவருக்கும் சொல்லவில்லை. அதைக் கவனித்தேன்.

கோபுரத்து உச்சியில் நல்ல காற்று. கீழே முழு ஊரும் தெரிந்தது. ஒரு பக்கம் உயரக் கட்டடங்கள், மற்றப் பக்கம் புல்வெளி. அந்தப் புல்வெளியில் சிங்கம் இருக்கிறதாம், நகரத்தை ஒட்டியே. நல்ல இடம். அந்த ஊரில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

"தம்பி சொன்னவன், நீங்கள் ட்ரான்ஸ்போர்ட் டிப்பார்ட்மென்ட் எண்டு," என்றார் பெடியனின் தகப்பன். "பெரிய பொறுப்பு, என்ன? உங்களுக்குக் கீழை எத்தினை பேர் வேலை செய்யினம்?"

நான் பெடியனைப் பார்த்தேன். அவன் சிங்கம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

"கீழை ஒருத்தரும் இல்லை," என்றேன். "பின்னாலைதான். நாப்பது அம்பது பேர் இருப்பினம். சில நாள் நிண்டுகொண்டும் வருவினம்."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்தீரே!" என்று மனைவியிடம் சொன்னார். "அண்ணை சரியான பகிடிக்காரன்!"

பெடியனும் சிரித்தான்.

அவன் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் அதை அங்கேயே விட்டிருப்பேன். சொல்லக் கூச்சம், சின்னப் பெடியன்தானே என்று. சிரித்தான்.

பிறகு ஒட்டகச்சிவிங்கிக்குத் தீனி கொடுக்கிற இடம். தீனியை உதட்டில் கவ்விக்கொண்டு நின்றால் அது வந்து நாக்கால் எடுக்கும். கறுத்த நாக்கு, ஒரு முழம் வரும். பெடியனின் தாய் அப்படி நின்று படம் எடுத்தா. கன்னம் எல்லாம் அதன் எச்சில். கத்திக் கத்திச் சிரித்தா. "அக்கா, நீங்களும் வாங்கோ!" என் மனைவி இரண்டடி பின்னால் போனாள். நான் கையில் வைத்துக் கொடுத்தேன். நாக்கு மரம் தேய்க்கிற அரத்தாள் மாதிரிச் சொரசொரப்பு. எனக்கு அருவருப்பு வரவில்லை. மிருகம்தானே.

அருவருப்பு மத்தியானம் வந்தது.

சாப்பாட்டுக் கடையில் இறைச்சியை நீளக் கம்பியில் குத்திக் கொண்டுவருவார்கள். போதும் என்கிற வரைக்கும் தட்டில் வெட்டிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆடு, மாடு, கோழி, தீக்கோழி. மனைவி இறைச்சி தொடவில்லை, அன்று வெள்ளிக்கிழமை. நான் கோழி சாப்பிட்டேன். டிரைவர் வெளியே வெயிலில் வானுக்குள் இருந்தார்.

"அவருக்குச் சாப்பாடு?" என்று கேட்டேன்.

"அதுக்கும் வழி இருக்கு," என்றார் பெடியனின் தகப்பன்.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு பொலித்தீன் பை கேட்டு வாங்கினார். தன் தட்டைச் சரித்து, கரண்டியால் அதற்குள் வழித்தார். கடித்த எலும்பு. சப்பித் துப்பின சவ்வு. பிழிந்த தேசிக்காய்ப் பாதி. சோடா ஊறின உருளைக்கிழங்கு. பிறகு மனைவியின் தட்டு. அதில் ஒரு எலும்பில் உதட்டுச் சாயம் இருந்தது. பிறகு மகனின் தட்டு. என் தட்டுக்குக் கை நீட்டினார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"குடுங்கோ அண்ணை. வீணாப் போகுது."

"வேண்டாம்."

"இவங்களுக்கு இது பெரிய விசயம். வலு விருப்பமாத் தின்னுவாங்கள்."

பையை முடிந்து மகனிடம் நீட்டினார். "தம்பி, கொண்டுபோய்க் குடு அவனுக்கு."

அந்த இடத்தில் நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு பெடியன் எப்படிப்பட்ட பெடியன் என்று தெரிகிற இடம் அது. படிப்பில் தெரியாது. வேலையில் தெரியாது. அவன் "வேண்டாம் அப்பா" என்று சொல்லியிருக்கலாம். வாங்கி வாசலில் இருந்த குப்பை வாளியில் போட்டுவிட்டு, கொடுத்தேன் என்று பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அதுவும் போதும்.

வாங்கினான். நடந்தான். நானும் பின்னால் போனேன். வான் ஜன்னலால் நீட்டினான். டிரைவர் இரண்டு கையாலும் வாங்கினார். "தாங்க் யூ சேர்," என்றார். பெடியன் ஈரக் கடுதாசி ஒன்று எடுத்துத் தன் கையைத் துடைத்தான். விரல் விரலாகத் துடைத்தான். சொந்த வீட்டு எச்சில். அதைத் தொட்ட கையை அவனால் வைத்திருக்க முடியவில்லை. தின்னக் கொடுக்க முடிந்தது.

மரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மனைவி வந்து மெதுவாகக் கேட்டாள். "எச்சிலை எல்லோ குடுத்தது?"

"ஓம்."

"ஊரிலை நாய்க்கும் சோறு தனியாத்தானே வைச்சனாங்கள்."

வானில் ஏறினோம். உள்ளே முழுக்க அந்தப் பையின் மணம். கொழுப்பும் தேசிக்காயும். எல்லோருக்கும் மணத்தது. பெடியனின் தாய் மட்டும் ஜன்னலைத் திறக்கச் சொன்னா.

பிறகு கடைசி இடம். ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு மேடு. அங்கிருந்து பார்த்தால் கீழே தகரக் கூரைகள். கண்ணுக்கு எட்டுகிற தூரம் தகரம்தான். கறள் பிடித்த தகரம், நடுவில் புகை, கொடியில் உடுப்பு.

"இதையும் ஒருக்காப் பாக்க வேணும்," என்றார் பெடியனின் தகப்பன். "வெள்ளைக்காரர் காசு குடுத்தெல்லோ வந்து பாக்கினம். படம் எடுங்கோ அண்ணை. ஓக்லண்டிலை காட்டலாம்."

அவர் எடுத்தார். தாயும் எடுத்தா. கீழே ஒரு பெண் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவ, நிமிர்ந்து பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டா.

நானும் மனைவியும் வன்னியில் முகாமில் இருந்தவர்கள். கம்பி வேலிக்குள். ஆட்கள் வாகனத்தில் வந்து எங்களைப் படம் எடுப்பார்கள். நான் அப்போது முதுகைத் திருப்பவில்லை. திருப்பியிருக்க வேண்டும்.

அந்த நேரம் டிரைவர் இறங்கி, பாதையோரம் கிடந்த எண்ணெய்ப் பீப்பாய்க்குள் பையைப் போட்டார். போத்தல் தண்ணியில் கை கழுவினார். முகத்தில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து தன் சீட்டில் ஏறினார்.

நான் போய் முன் கதவைத் திறந்து பக்கத்தில் ஏறினேன்.

அவர் பார்த்தார். எனக்கு இங்கிலிஷ் கொஞ்சம்தான். அவருக்கும் அப்படித்தான். அது நல்லதாகப் போயிற்று.

"டிரைவர். நானும்," என்றேன்.

"நீங்களா? என்ன ஓடுறது?"

"பஸ்."

"பெரிய பஸ்ஸா?"

"பெரிசு. மாடி பஸ்ஸும் ஓடுவன்."

முதல் தரம் சிரித்தார். முன்பு தானும் மினி பஸ் ஓட்டினவராம். சனம் கத்தும், காசுக்குச் சண்டை பிடிக்கும், ஆனால் பக்கத்தில் இருந்து கதைக்கும் என்றார். கீழே கையைக் காட்டினார். நீலத் தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில் தன் தங்கச்சி வீடாம். பெடியனின் தகப்பன் அந்தப் பக்கம்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்தவர் என்னைக் கண்டார்.

"என்ன அண்ணை, திரும்பவும் முன்னாலையோ?"

"ஓம். இது என்ரை இடந்தான். நான் ஓக்லண்டிலை பஸ் ஓட்டுறனான்."

சிரிக்க வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மகன் பக்கம் திரும்பினார். "என்னடா?"

பெடியன் சொன்னான்: "இல்லையப்பா. அங்கிள் பகிடி விடுறார்."

என் மனைவி அன்று முழுக்க அவர்கள் முன்னால் வாய் திறக்காதவள். "பகிடி இல்லைத் தம்பி," என்றாள். "நீங்கள் அந்த பஸ்ஸிலை ஏறினனீங்கள்."

பெடியன் போனைப் பார்த்தான். அவனுக்குப் போனில் ஒன்றும் வரவில்லை.

"சரி சரி, வெயில், ஏறுங்கோ," என்றார் தகப்பன். ஏறினார்கள். நான் இடம் மாறவில்லை. வீடு வரைக்கும் முன்னாலேயே வந்தேன்.

பின்னேரம் தேத்தண்ணிக்கு இருக்கும்போது, எல்லாம் முறிந்தது என்றுதான் நினைத்தேன். அவர்களே வேண்டாம் என்பார்கள் என்று. அப்படி இல்லை. புருசனும் மனைவியும் உள்ளே போய்க் குசுகுசுத்துவிட்டு வந்தார்கள்.

"அண்ணை, எங்களுக்கு அதெல்லாம் ஒரு பிரச்சினை இல்லை," என்றார் அவர். பெரிய மனது வைக்கிற குரல். "பிள்ளை நல்ல பிள்ளை. அதுதான் முக்கியம். எங்கடை ஆக்களுக்குப் பஸ் எண்டு சொல்லத் தேவையில்லை. ட்ரான்ஸ்போர்ட் எண்டே சொல்லுவம். நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ. முடிஞ்சுது."

மேசையில் மணி அடித்தது. கேக் வந்தது.

அந்தக் கேக்கை நான் தொடவில்லை. பொலித்தீன் பைக்குள் என்னையும் வழித்துப் போட்டு முடிந்து நீட்டினது போல இருந்தது. வாங்கு, உனக்கு இது பெரிய விசயம் என்று.

பெடியனின் தாய் மகளுக்கென்று ஒரு சேலையை எடுத்து வந்தா. என் மனைவி வாங்கவில்லை. "நாள் வைச்சால் பாப்பம்," என்றாள்.

ஓக்லண்டுக்கு வந்து இறங்கினோம். பெடியன் விமானத்தில் வேறு வரிசையில் இருந்தான். மாசியில் வீட்டுக்குள் நுழைய முதலே மகள் கேட்டாள். "எப்படி? பிடிச்சுதா?"

"எனக்குச் சரிவரேல்லை," என்றேன்.

குசினி மேசையில் இருந்து எல்லாம் சொன்னேன். அந்தப் பையைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. தாயைப் பார்த்தாள்.

"கடிச்ச எலும்பு?"

"ஓம்."

"அவன் கையாலே?"

"ஓம்."

பிறகு ட்ரான்ஸ்போர்ட் கதையைச் சொன்னேன். என் வேலையைச் சொல்ல வெட்கப்படுகிறவன், நாளைக்கு உன்னையும் சொல்ல வெட்கப்படுவான் என்றேன்.

மகள் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு இங்கிலிஷில் சொன்னாள். அவன் இல்லையப்பா, நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன் என்று. அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாம்.

அங்கே பிடிக்க ஒரு மரம் இருந்தது. இந்தத் தரம் பிடிக்க மரம் இல்லை. எழும்பிக் கொல்லைப் பக்கம் போய்த் தண்ணிப் பைப்பில் முகம் கழுவினேன். திரும்பி வந்து அதே கதிரையில் இருந்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். அழட்டும் என்று விட்டேன்.

சனிக்கிழமை அவனைக் கூப்பிட்டாள். வந்தான். தேத்தண்ணி கொடுத்தோம். மகள் அந்தப் பையைப் பற்றிக் கேட்டாள்.

"அப்பா தந்தவர், நான் குடுத்தன்," என்றான். "அங்கை அப்பிடித்தான். நான் என்ன செய்யிறது?"

"இங்கை அப்பிடி ஒருத்தருக்குக் குடுப்பியா?"

"இங்கை எப்பிடி? இது நியூசிலாந்து."

அவனுக்கு அதில் பிழை தெரியவில்லை.

"பொய்யைத் தொடக்கினது நான்," என்றாள். "அதை நிப்பாட்டவும் வேணும். இப்ப உன்ரை அப்பாவுக்குப் போன் அடி. என்ரை அப்பா பஸ் டிரைவர், எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவம் எண்டு சொல்லு. நாங்கள் கேக்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் உதவவில்லை. போனை மேசையில் வைத்து நம்பரை அடித்தான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"சொல்லு தம்பி," என்றது தகப்பனின் குரல்.

"அப்பா. எப்பிடி? சுகமே?"

"ஓம் ஓம். அங்கை மழையே?"

"ஓம். சரியான மழை."

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மாவுக்குக் கால் நோ எப்பிடி?"

"பரவாயில்லை. என்ன, சும்மாவோ எடுத்தனி?"

மகள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறந்தான். மூடினான்.

"சும்மாதான். பேந்து எடுக்கிறன் அப்பா."

வைத்துவிட்டான். தேத்தண்ணியில் ஆடை படிந்துவிட்டது. மகள் எழும்பி முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் போடவில்லை. அவனுக்கு விளங்க நேரம் எடுத்தது. பிறகு "சொரி அங்கிள்," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். அவளிடம் சொல்லவில்லை.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"என்னிலை கோவமா அப்பா?"

"ஓம்," என்றேன்.

தலையை ஆட்டினாள்.

மனைவி சோற்றை மேசையில் வைத்தாள். கத்தரிக்காய்க் கறியும் பருப்பும். எனக்குப் பசி இருந்தது. மகள் தட்டை எடுக்காமல் இருந்தாள். நான் ஒரு தட்டில் போட்டு அவள் முன்னால் தள்ளினேன்.

"சாப்பிடு."